மீற்றர் மைனஸ் 15 காட்டுகிறது, பினோல் மணம் வெளியே வருகிறது

கேள்வி: 2024 மே 14, இரவு 9.40

வணக்கம் அண்ணை. ஆய்வுகூடங்களுக்கு எக்ஸோஸ்ட் பூட்டுபவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் எம்எல்டியாக (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்) வேலை செய்கிறேன். மூன்றாம் மாடியில் காசநோய்ச் சளிப் பரிசோதனைக்கு என்று தனி அறை கட்டியிருக்கிறார்கள். உள்ளே பயோசேஃப்டி கபினற் (கிருமி வெளியே வராமல் காற்றை உள்ளே இழுக்கும் பெட்டி) ஒன்று, ஸ்பிளிற் ஏசி ஒன்று, வெளிக்காற்றை உள்ளே தள்ளும் ஃபான் ஒன்று, மொட்டை மாடியில், நுண்ணிய துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரோடு, அறைக் காற்றை வெளியே இழுக்கும் எக்ஸோஸ்ட். கதவுக்குப் பக்கத்தில் உள்ள வட்ட மீற்றர் மைனஸ் 15 பாஸ்கல் காட்டுகிறது, அதாவது அறையின் அமுக்கம் கொரிடோரைவிடக் குறைவு, காற்று உள்ளே மட்டும்தான் போக வேண்டும். 12.5 இருந்தாலே போதும், இது அதற்கும் மேல் என்கிறார்கள் கட்டித் தந்தவர்கள். ஆனால் ஸ்லைட்டுக்குச் சாயம் ஏற்றும்போது பினோல் மணம் வரவேற்பு மேசை வரை வருகிறது. மீற்றர் சரி என்றால் மணம் எப்படி வெளியே வரும்? பெரிய எக்ஸோஸ்ட் ஃபான் ஒன்று போடச் சொல்லட்டுமா?

மே 14, இரவு 11.15

ஃபான் வாங்க வேண்டாம் தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கள். மீற்றர் ஒன்று சொல்லி மூக்கு வேறொன்று சொன்னால் நான் மூக்கின் பக்கம்தான் நிற்பேன். அந்த மீற்றர் அளப்பது தன் இரண்டு குழாய் வாய்களுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். கதவடியில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பது வேறு கேள்வி, அதைக் கதவடியில்தான் பார்க்க வேண்டும்.

நாளைக்கு ஒரு ஊதுபத்தி கொண்டு போங்கள். ஏசி, கபினற், ஃபான் எல்லாம் வழமையான வேலை நாள் போல ஓடட்டும். புகை அலாரம் இருந்தால் முதலில் செக்கியூரிட்டியிடம் சொல்லிவிடுங்கள். கதவைச் சாத்திவிட்டு கொரிடோர் பக்கம் குந்தியிருந்து, அடியிடுக்குக்கு ஒரு சாண் முன்னால் பத்தியைப் பிடியுங்கள். உங்கள் மூச்சு படாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். புகை தரையோடு படுத்து இடுக்குக்குள் ஓட வேண்டும். பிறகு கதவின் மேல் விளிம்பிலும் அதே மாதிரிப் பாருங்கள்.

இடுக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று எழுதுங்கள். ஒரு சென்ரிமீற்றர் இருந்தால் ரப்பர் பட்டி அடித்து விடலாம்.

மே 15, காலை 6.20

படுத்த பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. கதவைத் திறக்கும்போது கைக்கு ஏதாவது தெரிகிறதா?

15 பாஸ்கல் என்பது மிகச் சின்ன அளவு. வளிமண்டல அமுக்கம் 1,01,325 பாஸ்கல். தண்ணீர் மட்டத்தில் சொன்னால் 15 பாஸ்கல் வெறும் ஒன்றரை மில்லிமீற்றர். ஆனால் கதவு பெரிய பலகை. 90 சென்ரிமீற்றர் அகலம், 210 உயரம் என்றால் 1.9 சதுர மீற்றர் வரும், அதன் மேல் 28 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 3 கிலோ. கைபிடி கதவின் ஓரத்தில் இருப்பதால் கைக்கு அதில் பாதி வரும். கொரிடோர் பக்கம் இழுத்துத் திறக்கும் கதவு என்றால், ஒன்றரைக் கிலோ மாப் பையை இழுப்பது போல முதலில் ஒரு பிடிவாதம் தெரிந்து, பிறகு சட்டென்று விடும். இதற்குக் கருவி தேவையில்லை, தினமும் திறக்கிறவரின் கைக்கு நன்றாகத் தெரியும்.

மே 15, இரவு 10.05

பதில் பார்த்தேன். புகை நேரே மேலே போயிற்று, இரண்டு தடவை வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. கதவில் இழுவை ஒன்றும் இல்லை. இடுக்கு 10 மில்லிமீற்றர். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மீற்றர் காலை ஏழு மணிக்கு 4 காட்டும், பின்னேரம் மூன்று மணிக்கு 15, போன கிழமை காற்றடித்த ஒரு நாள் 22.

அந்த வரியை நான் நாலு தடவை வாசித்தேன். ஃபான் காலையிலும் பின்னேரத்திலும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. அறைக்குள் ஒன்றும் மாறவில்லை. வெள்ளவத்தையில் காலைக்கும் பின்னேரத்துக்கும் நடுவில் மாறுவது கடற்காற்று. மணிக்கு 18 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சுவரில் நேராக மோதினால் ஏறக்குறைய 15 பாஸ்கல் தள்ளும், வேகம் இரட்டித்தால் அது நாலு மடங்கு. உங்கள் மீற்றர் கடற்காற்றை அளந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

மீற்றரின் பின்னால் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்று அறைக்குள் போக வேண்டும், மற்றது கொரிடோரில் திறந்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது குழாய் எங்கே முடிகிறது என்று யாராவது பார்த்தார்களா?

மே 16, காலை 7.00

கண்டியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார், ஒப்பரேஷன் தியேட்டரும் மைனஸா என்று. இல்லை, அது பிளஸ். தியேட்டரில் திறந்த காயத்தைக் கொரிடோரின் தூசியிலிருந்து காக்கிறோம், அதனால் காற்று உள்ளேயிருந்து வெளியே போகும். சளி அறையில் கொரிடோரில் இருப்பவர்களைக் காக்கிறோம்.

மே 16, இரவு 8.30

பினோல் ஆவி ஹெப்பாவில் நிற்காது, அதனால் மணத்தை வைத்துக் கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். சரியான பேச்சு. ஹெப்பா 0.3 மைக்ரோன் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், ஆவி அதைக் கடந்து போய்விடும். ஆனால் இங்கே மணம் ஃபில்டர் வழியாக வரவில்லை, கதவு வழியாக வருகிறது. மணம் வருகிற வழியில் காற்றும் வருகிறது, அந்தக் காற்றில் என்னென்ன மிதக்கிறதோ அதுவும் வருகிறது. சாயம் ஏற்றுவதற்கு முன்னால் சளிப் போத்தல்களைத் திறப்பதும் அதே அறையில்தானே.

மே 23, வெசாக் லீவு, பின்னேரம்

அந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று காட்டும் படம் தங்கச்சியிடமிருந்து இன்னும் வரவில்லை. இன்றைக்கு ஓய்வு, அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

1978இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மருத்துவக் கட்டடத்தில் ஜேனட் பார்க்கர் என்ற புகைப்படக் கலைஞருக்குப் பெரியம்மை வந்தது. அவர் வேலை செய்த அறை பெரியம்மை ஆய்வுகூடத்துக்கு மேல் மாடியில். செப்டம்பர் 11இல் இறந்து போனார். பெரியம்மையால் உலகத்தில் கடைசியாக இறந்தவர் அவர்தான். சேவைக் குழாய்கள் போகும் பொந்து வழியாகக் காற்றில் கிருமி ஏறியிருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொல்லியது. நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை, பல்கலைக்கழகம் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பானது, கிருமி போன வழி இன்றுவரை உறுதியாகவில்லை. இருந்தாலும் அதை வாசித்த பிறகு எந்த ஆய்வுகூடத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது சுவரில் பைப்பும் வயரும் போகும் ஓட்டைகளைத்தான். கொழும்பில் ஏசி பைப்புக்குச் சுவரைத் துளைத்துவிட்டு, சுற்றிவர உள்ள இடைவெளியை அப்படியே விட்டுப் போவது சர்வசாதாரணம்.

அந்த 12.5 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது 0.05 அங்குல நீர்மட்டம், உயர்பாதுகாப்பு ஆய்வுகூடங்களுக்குப் பேசப்படும் கணக்கு. காற்றால் பரவும் நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் அறைக்கு அமெரிக்காவின் நோய்த் தடுப்பு நிறுவனமான சிடிசி கேட்பது குறைந்தது 2.5 பாஸ்கல்தான். 2.5 என்றாலும் எந்நேரமும் உள்நோக்கிய 2.5 ஆக இருந்தால் அது வேலை செய்யும்.

மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை காற்று மாறுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். 12 தடவை மாறினால் அறையில் மிதப்பதில் 99 சதவீதம் போக 23 நிமிடம், 6 தடவை என்றால் 46 நிமிடம். போத்தல் ஒன்று விழுந்து உடைந்தால் வெளியே வந்து எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு இதுதான் அடிப்படை. இந்த எண்ணைக் கதவில் எழுதி ஒட்டிய ஆய்வுகூடத்தை நான் இன்னும் காணவில்லை.

மே 26, ஞாயிறு, காலை

முதல் நாள் ரப்பர் பட்டி அடிக்கச் சொன்னேன். அதைத் திருப்பி எடுக்கிறேன். யாரும் அடித்துவிட வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 90 சென்ரிமீற்றர் அகலமும் 10 மில்லிமீற்றர் உயரமும் உள்ள இடுக்கில் 10 பாஸ்கல் வித்தியாசம் இருந்தால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 86 கன மீற்றர் காற்று உள்ளே வரும். வெளியே எடுப்பதற்கும் உள்ளே தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த 86. அமுக்கம் அதிலிருந்து பிறக்கிறது. இடுக்கைப் பாதியாக்கி, அதே 86 உள்ளே வர வேண்டும் என்றால் அமுக்கம் நாலு மடங்காகி 40க்குப் போகும். மீற்றரில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உள்ளே வரும் காற்று ஒரு துளிகூடக் கூடியிருக்காது. அதோடு அறை தொட்டாற்சுருங்கியாகிவிடும், ஃபில்டர் கொஞ்சம் அடைத்தாலும் ஊசி எங்கேயோ ஓடும்.

இன்னொன்று, காற்றை உள்ளே தள்ளும் சப்ளை ஃபானே இல்லாத சின்ன அறைகளில் இடுக்கை அடைத்தால் காற்று வர வழியே இல்லாமல் எக்ஸோஸ்ட் மூச்சு முட்டிச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பாத்ரூமுக்குப் போடும் வகைச் சின்ன ஃபான் என்றால் சொல்லவே வேண்டாம்.

அடைக்க வேண்டியது சுவர் ஓட்டைகளையும் சீலிங் இடுக்குகளையும். கதவடி காற்று வருவதற்கென்று நாமே விட்ட பாதை, அது அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 2, இரவு

ஒன்று எழுதாமல் இருந்தால் எனக்கு நிம்மதி இல்லை.

2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம். கொழும்பில் ஒரு வைத்தியசாலை, பெயர் வேண்டாம். வாடகைக்கு ஜெனரேற்றர் கொண்டுவந்து பூட்டியிருந்தார்கள். அங்கே சளி அறையில் எக்ஸோஸ்ட் கிரிலில் ஒரு ரிஷ்யூத் துண்டை ஒட்டி வைத்திருந்தார் அங்கிருந்த எம்எல்டி அக்கா. ஜெனரேற்றர் ஓடும்போது ரிஷ்யூ கிரிலோடு ஒட்டாமல் தொங்குகிறது என்று போனில் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். பனலில் பச்சை லைற் எரிகிறது, மோட்டர் சுற்றுகிறது, காற்றுப் போகும் டக்டில் கை வைத்தால் அதிர்வு இருக்கிறது. எல்லாம் ஓடுகிறது அக்கா, ஃபில்டர் கொஞ்சம் அடைத்திருக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து அவர் திரும்பவும் எடுத்தார். இந்தத் தடவை மாடியில் ஏறி, மோட்டரை நிறுத்தச் சொல்லி, ஃபான் நிற்கும் தறுவாயில் பெல்ட் கவர் இடுக்கால் பார்த்தேன். அம்புக்குறிக்கு எதிராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெனரேற்றரில் மூன்று ஃபேஸில் இரண்டை மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். சென்ரிஃபியூகல் ஃபான் பின்பக்கமாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் போகும், அளவு மட்டும் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. உள்ளே தள்ளும் ஃபான் சிங்கிள் ஃபேஸ், அதற்கு ஒன்றும் ஆகவில்லை, அது முழு வேகத்தில் தள்ளியிருக்கிறது. அப்போ கரண்ட் இல்லாத நேரம் முழுக்க அந்த அறை கொரிடோருக்குள் ஊதியிருக்கிறது.

அந்த மூன்று நாளும் என் கணக்கில்தான். அந்த அக்காவின் ரிஷ்யூத் துண்டு சரியாகச் சொன்னதை நான் பச்சை லைற்றை நம்பித் தட்டிவிட்டேன். ஃபேஸ் வரிசை பிழைத்தால் மோட்டரை ஓடவிடாத ரிலே ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த எக்ஸோஸ்ட்டையும் அது இல்லாமல் நான் பூட்டியதில்லை.

ஜூன் 2, இன்னொரு வரி

எந்த ஃபானை முதலில் போடுவது, எதை முதலில் நிறுத்துவது என்றும் கேட்டிருந்தீர்கள். தொடங்கும்போது எக்ஸோஸ்ட் முதலில், காற்று போகிறது என்று உறுதியான பிறகு சப்ளை. நிறுத்தும்போது சப்ளை முதலில். எக்ஸோஸ்ட் விழுந்தால் சப்ளை தானாக நிற்க வேண்டும்.

ஜூன் 5, காலை

இவ்வளவு சிக்கல் எதற்கு, ஜன்னலைத் திறந்தால் போதாதா என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டொக்டர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பெரு நாட்டின் லீமாவில் வைத்தியசாலைகளில் அளந்து 2007இல் வெளியிட்டார்கள். ஜன்னலும் கதவும் திறந்திருந்த அறைகளில் மணித்தியாலத்துக்கு இடைநிலையாக 28 தடவை காற்று மாறியது. இயந்திரக் காற்றோட்டம் வைத்த அறைகளின் கணக்கு 12. உயர்ந்த சீலிங்கும் பெரிய ஜன்னல்களும் உள்ள நம் பழைய வார்டுகளை மூடிக்கட்டி ஸ்பிளிற் ஏசி போடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் கஷ்டப்படுகிறது. ஸ்பிளிற் ஏசி இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்கும், வெளிக்காற்று ஒரு துளி கொண்டு வராது.

நோயாளி இருக்கும் வார்டுக்கு ஜன்னல் நல்லது. கபினற் வைத்த அறைக்கு ஆகாது. கபினற்றின் வாயில் காற்று வினாடிக்கு அரை மீற்றர் வேகத்தில்தான் உள்ளே போகிறது, ஜன்னல் காற்று அதைக் கலைத்துவிடும். காற்றின் திசையும் நம் கையில் இல்லை.

கொழும்பில் இன்னொரு தொல்லை, ஈரப்பதன். மைனஸ் அறை எல்லா ஓட்டைகளாலும் வெளிக்காற்றை உறிஞ்சும், அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் தண்ணீராகத் துளிர்க்கும் வெப்பநிலை, 24 டிகிரிக்குப் பக்கத்தில். அறையை 20இல் வைத்தால் சுவரிலும் சீலிங் ரைலின் பின்பக்கத்திலும் வேர்க்கும், பிறகு கறுப்புப் பூஞ்சணம். 24, 25இல் வைத்து உள்ளே வரும் காற்றைக் காயவைத்து அனுப்புவதுதான் வழி.

ஜூன் 8, சனி, இரவு

இன்றைக்கு நேரே போய்ப் பார்த்தேன். ஆய்வுகூடத்தின் உரிமையாளரும் நின்றார். தங்கச்சி ஏணியைப் பிடித்தார், நான் கதவுக்கு மேலே சீலிங் ரைல் ஒன்றைத் தள்ளினேன். மீற்றரிலிருந்து வந்த பச்சைக் குழாய் அங்கே ஒரு கம்பியில் சுற்றித் தொங்கியது. கொரிடோருக்கு இறங்கவே இல்லை. சீலிங்குக்கு மேலே உள்ள இடம் கடற்பக்கச் சுவரில் இரண்டு வெளிச்சுவர்க் கிரில் வழியாகத் திறந்திருக்கிறது. தலையை உள்ளே விட்டதும் முகத்தில் காற்று அடித்தது, உப்பு மணம்.

குழாயைக் கழற்றி இரண்டு வாயையும் திறந்துவிட்டு ஊசி பூச்சியத்துக்கு வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. மீற்றரில் பிழை இல்லை. பிறகு குழாயைக் கொரிடோர் சுவருக்கு இறக்கிப் பூட்டினோம். ஊசி எழும்பி, பூச்சியத்தைத் தாண்டி மறுபக்கம் போய் நின்றது. பிளஸ் 2. தங்கச்சி ஒன்றும் பேசவில்லை, ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு மாதமாக அந்த அறையில் வேலை செய்கிறார்.

அறை 38 கன மீற்றர். 12 தடவை மாற மணித்தியாலத்துக்கு 450 வெளியே போக வேண்டும். அளந்தால் எக்ஸோஸ்ட் 260, சப்ளை 300. மாடியில் ஹெப்பாவுக்கு முன்னால் உள்ள முதல் ஃபில்டரை இழுத்தேன், கம்பளி போர்த்தது போல அடைத்திருந்தது. கட்டிய நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. அதற்குத் தனி மீற்றரும் இல்லை.

ஏசி கபினற்றுக்கு நேரெதிரே இருக்கிறது. கபினற் வாயில் பத்தியைப் பிடித்தேன், ஏசி ஓடும்போது புகை உள்ளே போகாமல் ஓரத்தால் வழிந்து வெளியே வந்தது, ஏசியை நிறுத்தியதும் ஒழுங்காக உள்ளே போனது. ஏசியை மற்றச் சுவருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். சுவரில் பைப் ஓட்டைகள் ஐந்து.

இதெல்லாம் திருத்தி முடியும்வரை சளிப் போத்தல் ஒன்றும் திறப்பதில்லை, மாதிரிகளை வெளியே அனுப்புவது என்று உரிமையாளரே சொன்னார். செலவு அவருக்கு. நல்ல மனிதர்.

தங்கச்சி, நான் நேரில் சொன்னதைத் திரும்பவும் எழுதுகிறேன்: திங்கட்கிழமை நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள், கூட வேலை செய்பவர்களும்.

ஜூன் 12

எக்ஸ்ரே நால்வருக்கும் சுத்தம் என்று எழுதியிருக்கிறார். இன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கியது. இருமல், மாலைக் காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் நாள் கடத்தாமல் திரும்பப் பாருங்கள்.

ஜூன் 15, சனி, இரவு

முதல் ஃபில்டர் மாற்றி, அதற்கு ஒரு மீற்றர் வைத்து, ஓட்டைகளைச் சிலிக்கோன் அடித்து, ஏசியை இடம் மாற்றி முடிந்தது. எக்ஸோஸ்ட் 450, சப்ளையை டாம்பரால் (காற்றின் அளவைக் குறைக்கும் தகடு) 360க்குக் கொண்டுவந்தோம். கதவு மீற்றரில் மைனஸ் 6.

முன்னர் 15 இருந்ததே, இப்போது 6தானா என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி, காசு கொடுத்தவர் அல்லவா. பத்தியைக் கொளுத்தி அவர் கையிலேயே கொடுத்தேன். வேட்டியை மடித்துக்கொண்டு குந்தினார். புகை தரையோடு படுத்து, நூல் போல இடுக்குக்குள் ஓடியது. கதவைத் திறந்து மூடச் சொன்னார், கொஞ்சம் கலைந்து, மூன்று நாலு வினாடியில் திரும்ப உள்ளே போனது. ஜெனரேற்றரைப் போட்டுக் காட்டச் சொன்னார், அதிலும் அப்படியே.

ஜூன் 29

பின்னேரம் மூன்று மணிக்குப் படம் வந்தது. வெளியே நல்ல காற்று, காலி வீதியில் ஒரு பனர் கிழிந்து பறக்கிறதாம். ஊசி 6இல் நிற்கிறது. எக்ஸோஸ்ட் கிரிலில் ரிஷ்யூத் துண்டு ஒன்றும் ஒட்டியிருக்கிறார்கள்.